முக்கால் இஞ்சு கோபம்

“இதை வெட்டினது யாரு?”

தையல் கடையின் கதவு திறந்த வேகத்தில் சாரலும் கூடவே உள்ளே வந்தது. சாரலுக்கு ஓரடி முன்னால் அவள் வந்திருந்தாள். தோளில் தபால் பை, கையில் சொட்டச் சொட்ட நனைந்த நீலக் கோட்டு, முகத்தில்... அதை ஏன் கேட்கிறீர்கள்!

கடையில் இரண்டே பேர். மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள். நடுவில் நீள மேஜை மேல் குனிந்து, காதில் பென்சிலும் கழுத்தில் டேப்புமாக அவர் மகன்.

“நான்தாங்க கட்டிங் மாஸ்டர்,” என்றான் அவன். “மெதுவா வாங்க. கையில கத்தரிக்கோல் இருக்கு.”

“உங்க கையில கத்தரிக்கோல் இருக்கிறதுதான் பிரச்சினையே!”

மூலையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. “அப்படிப் போடும்மா,” என்றார் அந்த அம்மாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவன் கோட்டை வாங்கி உதறினான். மார்பில் தபால் நிலையத்தின் முத்திரை. “ஓ... போன மாசம் நாப்பது கோட்டு தைச்சுக் கொடுத்தோமே, அதுல ஒண்ணா? இதுக்கு என்ன கொறச்சல்?”

“போட்டா தோள்ல நிக்காது. இடது பக்கம் நழுவிக்கிட்டே இருக்கு. கோட்டு நழுவினா பை நழுவுது. முந்தாநாள் மழையில பை மொத்தமா சேத்துல விழுந்துச்சு. முப்பத்தோரு கடுதாசி! ஒவ்வொண்ணையும் என் துப்பட்டாவால தொடைச்சேன்.”

அவன் கோட்டை எடுத்துப்போய் ஜன்னலோரம் நின்ற துணிப் பொம்மைக்கு மாட்டினான். காலரை இழுத்துவிட்டான். இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“பாருங்க. கச்சிதமா உட்கார்ந்திருக்கு.”

“அப்போ நாளையிலேர்ந்து அந்தப் பொம்மையையே தபால் கொடுக்க அனுப்பிடுங்க.”

அவன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். நீளமான, நிதானமான கண்கள். அந்தக் கடையில் சரியான அளவில் இருப்பவை அவை இரண்டும்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம் குறுக்கே ஓடியது. சீ... சண்டை போட வந்த இடத்தில் இது என்ன கண்றாவி!

அவன் மேஜையைச் சுற்றி வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். “ஆ... இப்போ புரியுது. கோட்டுல ஒண்ணும் தப்பில்லீங்க. உங்க இடது தோள்தான் இறங்கியிருக்கு. தராசு மாதிரி...”

போச்சு.

உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, அவனுக்கு அந்த வார்த்தைதானா கிடைக்க வேண்டும்? தபால் நிலையத்தில் சீல் குத்தும் அண்ணன் இரண்டு வருடமாக அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான். “தராசு வந்தாச்சா?” “தராசுக்கு டீ சொல்லு.” அவர் சிரிக்க, பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிக்க, அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். போன மாதம் வரிசையில் முதுகுப் பக்கம் நின்று அளவெடுத்ததோடு சரி, முகம்கூடத் தெரியாத ஒருவன் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது அந்த இரண்டு வருடச் சிரிப்பும் ஒரேயடியாகக் கசந்தது.

“கவலைப்படாதீங்க,” அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். “இடது பக்கம் உள்ளாற கொஞ்சம் பஞ்சு வச்சுத் தைச்சுட்டா ரெண்டு தோளும் சமமாயிடும். யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும் என்ன தெரியக்கூடாது?”

“இல்ல... அந்தக் கோணல்...”

“கோணலா!” குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. “ஒன்பது வருஷம், சார்! வலது கை கடுதாசி எடுக்கணும்னு பையை இந்தத் தோள்லதான் மாட்டினேன். வேலை கிடைச்ச உத்தரவு, கல்யாணப் பத்திரிகை, சாவுச் சேதி... எல்லாரோட நல்லது கெட்டதும் இதும்மேல ஏறித்தான் வீட்டுக்கு வீடு போயிருக்கு. எடைக்கு எடை இது இறங்கிக் கொடுத்துச்சு. இது கோணலில்ல, என் சர்வீஸு! இதைப் பஞ்சு வச்சு மூடுவீங்களா? சரி, மூடுங்க. பஞ்சு மேல பை வார் நிக்குமா? அதைச் சொல்லுங்க!”

அவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான். மறுபடியும் செருகினான்.

“திங்கட்கிழமை காலையில கண்காணிப்பாளர் வரிசையில நிக்கவச்சுப் பார்க்கப் போறாரு. கோட்டு ஒழுங்கா நிக்காதவங்க தெருவுக்குப் போக வேண்டாம், உள்ளே உட்கார்ந்து கடுதாசி பிரிச்சாப் போதும்னுட்டாரு. அந்த அறையில ஒரு ஜன்னல் கூட இல்ல. என் பதினோரு தெருவும் போகப் போகுது... உங்க பொம்மையால!”

கோட்டைப் பொம்மையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அவள் வெளியே வந்துவிட்டாள். குடையைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டது பாதித் தெரு தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போவாளா? செத்தாலும் மாட்டாள். நனைந்தே போனாள்.

மறுநாள், அவளுடைய ஆறாவது தெருவின் முனையில், அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். பூப்போட்ட குடை. கழுத்தில் அதே டேப்.

“மூணு தெருவா ‘தபால்காரம்மா எங்கே’ன்னு கேட்டுக்கிட்டே வரேன்.”

“அம்மாவா? நான் என்ன உங்க பாட்டியா?”

“ஐயோ... தெருவுல அப்படித்தாங்க சொல்றாங்க!” அவன் குடையை நீட்டினான். பிறகு தலையைச் சொறிந்தான். “நேத்து நீங்க போனதும் எங்கம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. ‘ஏண்டா, இடுப்பு நீளம் தோள் அகலம்னு நாப்பது பேருக்கு அளவெடுத்தியே, அந்தப் பொண்ணோட இடது பக்கத்தை அளந்தியா’ன்னு.”

“அளந்தீங்களா?”

“இல்ல.”

அவள் நின்றாள்.

“நாங்க யாருக்குமே அளக்கிறதில்லீங்க,” என்றான் அவன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரல். “காகிதத்துல பாதி உடம்பைத்தான் வரைவோம். வலது பாதி. துணியை ரெண்டா மடிச்சு, அந்தக் காகிதத்தை மடிப்போரமா வச்சு ஒரே வெட்டு. விரிச்சா முழுக் கோட்டு. மீதிப் பாதியை மடிப்பு பார்த்துக்கும். பதினாலு வருஷமா அப்படித்தான்...”

“அதாவது, என்னைப் பாதிதான் ஆளா நெனச்சிருக்கீங்க.”

“ஆமா.”

இப்படி உடனே ஒப்புக்கொண்டால் ஒரு மனுஷி எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கு அதற்கும் கோபம் வந்தது.

“பஞ்சு வைக்க மாட்டேன்,” என்றான் அவன். “உங்க தோளை மாத்தக் கூடாது, என் காகிதத்தைத்தான் மாத்தணும். வெட்டின கோட்டுல இனி ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஒரு கோட்டுக்குத் துணி மிச்சம் இருக்கு. புதுசா வரையறேன். ரெண்டு பக்கமும் தனித்தனியா. அளவெடுக்கலாமா? பையை இறக்காதீங்க! பையோடதான் வேணும்.”

பக்கத்து மாடிப்படியின் அடியில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில், அளவெடுப்பு நடந்தது. அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.

“ஏன் எப்பப் பார்த்தாலும் முதுகுப் பக்கமே போறீங்க?”

“தொழில் அப்படிங்க. பின்னாடி நின்னாத்தான் உங்க இடது என் இடது. முன்னாடி நின்னா எல்லாம் மாறிப் போகும்.”

டேப் கழுத்தடியிலிருந்து தோள் நுனிக்கு ஊர்ந்தது. அவன் விரல் பட்டும் படாமலும்... அவள் எதிர்ச் சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியின் எண்ணை மூன்று தடவை படித்தாள்.

“முக்கால் இஞ்சு,” என்றான் அவன் மெல்ல. “இவ்வளவுதான். இந்த முக்கால் இஞ்சுக்கா உங்களை உள்ளே உட்காரச் சொல்றாங்க? என்ன அநியாயம்ங்க இது!”

அவனுக்கும் கோபம் வந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அவளுக்காகக் கோபப்பட்ட முதல் ஆள்.

“தோள் நுனியை மட்டும் முக்கால் இஞ்சு இறக்கினா கைக்குழி சின்னதாயிடும், கை பிடிக்கும். அதனால கைக்குழியையும் அதே முக்கால் இஞ்சு கீழே இறக்கணும். அப்போ கோட்டு உங்களோட சேர்ந்து இறங்கும். எதிர்த்து நிக்காது.” பென்சிலைக் காதில் செருகினான். “கொஞ்ச தூரம் நடங்க. எப்படி அசையுதுன்னு பார்க்கணும்.”

அவள் நடந்தாள். அவன் பின்னாலேயே வந்திருக்கலாம். வரவில்லை. எதிரே வந்து, அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். அவள் எந்த வாசலில் எந்தத் தாத்தா காத்திருப்பார், எந்த வீட்டு நாய் பொய்க்குக் குரைக்கும், எந்தத் தபால் பெட்டியைத் தட்டினால்தான் திறக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தூறல் அவன் இமைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து உதிர்ந்தது. அதைத் துடைக்கக்கூட மறந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாஸ்டர்... தோள் இங்கே இருக்கு. நீங்க பார்க்கிறது அதுக்கு மேலே.”

“எ... என்னது?” என்றவன் ஒரு குட்டைக்குள் கால் வைத்து, முழங்கால் வரை சேறானான்.

அவள் சிரித்துவிட்டாள். தராசு என்ற பெயர் வந்த பிறகு, பல்லைக் கடிக்காமல் சிரித்தது அன்றுதான்.

“சனிக்கிழமை சாயங்காலம் வாங்க,” என்றான் அவன், ஈரக் காலை உதறியபடி.

சனிக்கிழமை அவள் போனாள். வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டாள். ஏன் என்று கேட்டால், காற்று அடித்தது... அவ்வளவுதான்.

புதுக் கோட்டு மேஜைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலரின் ஓரத்தில் எவ்வளவு நெருக்கமான தையல்! அம்மாள் அவளைப் பார்த்து, “வாம்மா. ரெண்டு நாளா இவன் சோத்துக்குக்கூட எழுந்து வரல” என்றார். அவன், “அம்மா...” என்று இழுத்தான்.

அவள் போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன் நின்றாள். பையை மாட்டினாள்.

இடது பக்கம் கோட்டு வெடைத்துக்கொண்டு மேலே ஏறியது. பை வார் வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போனது. வலது பக்கமோ கழுத்தடியில் கிள்ளிப் பிடித்தது, கையைத் தூக்கவே முடியவில்லை. பழைய கோட்டு ஒரு தோளைத்தான் கேலி செய்தது. இது இரண்டையும்.

தோளை இறக்கியிருக்கிறான். முக்கால் இஞ்சு, துல்லியமாக. ஆனால் வலது தோளை.

கண்ணாடிக்குள் அவளுக்குப் பின்னால் அவன் முகம் வெளிறிப்போய் நின்றது.

“என்ன மாஸ்டர் இது?”

அவன் காலரைச் சரிசெய்யக் கை நீட்டினான். அவள் விலகிக்கொண்டாள்.

“கேலியா? இல்ல, கேக்கிறேன். தராசை அந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்த்தா எப்படியிருக்கும்னு ஆசையா?”

“ஐயோ, இல்லீங்க...”

“அப்போ சொல்லுங்க! பதினாலு வருஷ மாஸ்டருக்கு இடது எது வலது எதுன்னு தெரியாதா? பின்னாடி நின்னா மாறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அளவு சரியாத்தானே எடுத்தீங்க? அப்புறம் எப்படி மாறிச்சு? சொல்லுங்க!”

அவன் முகம் காது மடல் வரை சிவந்தது. அம்மாளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், ஏதோ சொல்ல வந்து விழுங்கினான்.

“என்னை முழுசாப் பார்க்கிற ஒரு ஆளாவது இருக்காங்கன்னு நெனச்சேன்,” என்றாள் அவள். சொன்ன பிறகுதான் கண் நிறைந்துவிட்டது தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். கோபப்படும்போது இந்தக் கண்களுக்கு என்ன வேலை? “நீங்க என்னைப் பார்க்கவேயில்ல. பார்க்காமலே வெட்டியிருக்கீங்க!”

கோட்டைக் கழற்றிய வேகத்தில் அது உள்புறம் வெளியே வந்து, கையெல்லாம் தலைகீழாகி, மேஜைமேல் போய் விழுந்தது. அவள் இவ்வளவு கத்துகிறாள்... அவனோ அவளை விட்டுவிட்டு அந்தப் புரண்ட கோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்! கல்நெஞ்சன். கதவை அவள் சாத்திய சாத்தலில் துணிப் பொம்மைகூட ஆடியிருக்கும்.

ஞாயிறு முழுக்க மழை. வீட்டில் அக்கா, “கொஞ்சம் பஞ்சு வச்சுக்கிட்டா என்னடி கொறஞ்சு போயிடுவே? ஊரோட ஒத்துப்போகத் தெரியல உனக்கு” என்றாள்.

“ஊர் என்னோட ஒத்துப்போகட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் பழைய கோட்டின் தோளில் இரண்டு ஊக்குகள் குத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. நாளை இந்நேரம் அந்த ஜன்னலில்லாத அறை. ஆறாம் தெருத் தாத்தா யாரிடம் பேசுவார்? அந்தப் பெட்டியைத் தட்டித் திறக்க யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை காலை, தபால் நிலைய வாசலில் அம்மாள் நின்றிருந்தார். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை கவிழ்த்திருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

“போட்டுக்கோ. பேசுறதை அப்புறம் பேசலாம்.”

“எனக்கு வேண்டாம்மா.”

“கோபத்தை என் மகன்மேல வை. கோட்டுமேல வைக்காதே. நேத்து முழுக்க ஒவ்வொரு தையலா பிரிச்சிருக்கான். போடும்மா!”

போட்டாள். பையை மாட்டினாள்.

என்ன இது...

கோட்டு தோளோடு இறங்கியது. எங்கே அவள் இறங்குகிறாளோ அங்கே அதுவும் இறங்கி, எங்கே அவள் நிமிர்கிறாளோ அங்கே அதுவும் நிமிர்ந்தது. பை வார் தன் இடத்தில் உட்கார்ந்தது. கையைத் தூக்கினாள், வீசினாள், குனிந்தாள். நழுவவில்லை. யாரோ பின்னாலிருந்து தோளை மெல்லப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“அதே துணியா?”

“அதே கோட்டுதான். உள்ளே வெளியேவாப் புரட்டித் தைச்சிருக்கான். துணி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே? உள்ளதை வெளியே திருப்பினா இடது வலதாகும், வலது இடதாகும். நீ கழட்டி எறிஞ்சப்போ பார்த்துப் புரிஞ்சிக்கிட்டானாம். நீ எறிஞ்சதும் நல்லதுக்குத்தான்.” அம்மாள் அவள் காலரை நீவிவிட்டார். “பட்டன் மட்டும் பக்கம் மாறிடுச்சு. அதை யாராவது கேட்டா, என்ன சொல்லணும்னு சொல்றேன். காதைக் கொடு.”

கண்காணிப்பாளர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் முன் நின்றார். தோளைப் பார்த்தார். குறை கிடைக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார்.

“பட்டன் ஏன் இடது பக்கம் இருக்கு? எல்லாருக்கும் வலது பக்கம்தானே?”

“பொம்பளைங்க சட்டைக்குப் பட்டன் இடது பக்கம்தான் சார் வைப்பாங்க. வீட்டுல கேட்டுப் பாருங்க. எங்களை நெனச்சு ஒரு கோட்டுகூட வெட்டச் சொல்லல நீங்க. இத்தனை நாள்தான் சார் தப்பா இருந்துச்சு. இப்போதான் சரி.”

பெண் ஊழியர்கள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அது பெரிதாவதற்குள் கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமி, “சரி சரி... கிளம்புங்க, தபால் தாமதமாகுது” என்று நகர்ந்தார்.

“தராசு ஜெயிச்சுடுச்சுப்பா!” என்றார் சீல் அண்ணன்.

அவள் நின்று, திரும்பினாள். “அண்ணே. எனக்குப் பேர் இருக்கு. வருகைப் பதிவேட்டுல தினமும் எழுதுறீங்க. இன்னையிலேர்ந்து அதைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

அண்ணனின் கையில் சீல் அந்தரத்திலேயே நின்றது.

ஆறாம் தெரு முனையில், அதே மாடிப்படியின் அடியில் அவன் நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். அவளைப் பார்த்தானோ இல்லையோ, கோட்டின் தோளைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

“நிக்குது...”

“நிக்குது. ஏன் நீங்க வரல? அம்மாவை ஏன் அனுப்பினீங்க, இந்த மழையில?”

“நான் வந்தா கோட்டை வாங்க மாட்டீங்க.”

“வாங்கியிருக்க மாட்டேன்தான்.” அவள் பையைச் சரிசெய்தாள். சரிசெய்யத் தேவையே இல்லை. “ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பின்னாடி நின்னு, பையோட, அவ்வளவு சரியா அளந்தீங்க. அப்புறம் எப்படி மாறிச்சு?”

மழை அவர்கள் இருவரையும் சுற்றித் திரை போட்டிருந்தது.

“அளந்தப்போ பின்னாடிதான் நின்னேன். ஆனா கடைக்குப் போய்க் காகிதத்தை விரிச்சப்போ... நீங்க எதிர்ல நின்னீங்க.”

“நானா?”

“பேசிக்கிட்டே நடந்து வந்தீங்களே, அப்படி. அந்தத் தாத்தா, நாய், பெட்டி... உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே வரைஞ்சேன். எதிர்ல நிக்கிறவங்க இடது தோள் என் வலது கைப் பக்கம்தானே இருக்கும்? அப்படியே வரைஞ்சுட்டேன். பதினாலு வருஷத்துல யாரையும் எதிர்ல வச்சு வரைஞ்சதில்லீங்க. யார் முகமும் ஞாபகத்துல நின்னதில்ல.” டேப்பின் நுனியை விரலில் சுற்றினான். “பார்க்காம வெட்டினேன்னு சொன்னீங்க. பார்த்துப் பார்த்துத்தான் கெடுத்தேன்.”

காதுக்குள் கேட்டது மழையா, வேறு ஏதாவதா, அவளுக்குத் தெரியவில்லை.

“இதை... இதைச் சனிக்கிழமையே சொல்றதுக்கென்ன?”

“அம்மா இருந்தாங்க.”

“என்னை அழவச்சு அனுப்பினீங்க! ரெண்டு நாள் தூங்கல நான்! அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்! எல்லாம், உங்களுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வெக்கமாயிருந்துச்சுன்னா?”

“ஆமா.”

மறுபடியும் உடனே ஒப்புக்கொண்டான். இந்த மனுஷனோடு ஒழுங்காகச் சண்டை போடவே முடியாது போலிருக்கிறது. ஆயுள் முழுக்க முயற்சி செய்தாலும்... ஆயுள் முழுக்கவா? யார் கேட்டார்கள் உன்னை, என்று அவள் மனதை அவளே அதட்டினாள். அது கேட்கவில்லை.

“இன்னும் கோபமாங்க?”

“இருக்கு.”

“எவ்வளவு?”

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். “முக்கால் இஞ்சு.”

அந்த இடைவெளிக்குள்ளிருந்து அவன் அவளைப் பார்த்தான். அவன் சிரிக்க ஆரம்பித்ததும் அவளுக்கு அந்த முக்கால் இஞ்சைக் குறையாமல் பிடித்திருக்க முடியாமல் போயிற்று.

“கோட்டு ஒண்ணு போதாது,” என்றாள் அவள், எரிச்சலோடு என்று நினைத்துக்கொண்டு. “வெயிலுக்கு ஒண்ணு வேணும். வீட்டுக்குச் சட்டை வேணும். எல்லாத்துக்கும் ரெண்டு தோளையும் தனித்தனியா அளக்கணும். இப்போ சொல்றதைக் காகிதத்துல எழுதி வச்சுக்குங்க.”

அவன் அவசரமாகக் காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.

“இனிமே பின்னாடி போய் நிக்க வேண்டாம். எதிர்லயே நில்லுங்க. ஆனா...” அவள் அவன் வலது கையைப் பிடித்துத் தன் இடது தோளில், பை வாரின் மேல் வைத்தாள். “இது என் இடது. உங்க வலது. இனி ஒரு தடவை மாத்தினீங்க... அப்புறம் நடக்கிறதே வேற!”